சொல்லிக்கொண்டு போவது

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பது. பள்ளி வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் காலித் தக்காளிப் பெட்டிகளை அடுக்கி, நீலத் தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டிவந்தவர் இறங்கி, மறுபக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்தார். தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து மகளை இறக்கிவிட்டுப் பையை மாட்டிவிட்டார். பிள்ளை அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்காமலே, "போறேன்ப்பா" என்றாள்.

"ஏட்டி, வாரேன்னு சொல்லு" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "நாளைக்கு ஏத்தங்கா சிப்ஸ் வாங்கிட்டு வாரேன், என்ன" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். தலையில் எண்ணெய் வழிய ஆட்களை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போகும் வேன்கள் வரிசையாக வந்தன. இடைவெளி கிடைக்கும் வரை காத்திருந்து, தென்காசிப் பக்கம் திரும்பிப் போனார்.

இவ்வளவையும் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் இது தேவைப்பட்டது.

மழலையர் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். பாட்டு, விளையாட்டு, களிமண், வண்ணக் காகிதம் எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவும் செய்வீர்கள். அதனால் நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடத்துக் குற்றாலச் சீசனில் நடந்த ஒரு வாரத்தை மட்டும் எழுதுகிறேன். இந்த வேலைக்கு வருமுன் நாளிதழ் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தேன். கண்ணில் பட்டதை முதலில் எழுது, நினைத்ததைக் கடைசியில் எழுது, இடமில்லாவிட்டால் நினைத்ததை வெட்டிவிடு என்று அங்கே சொல்வார்கள். அந்தப் பழக்கம் எனக்கு நாலு வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம் உதவியது.

மேலகரத்தில் எங்கள் பள்ளி. எல்.கே.ஜி. வகுப்பில் அந்த வாரத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு 'வீடும் வாசலும்'. திங்களன்று கதவு, செவ்வாயன்று வீட்டில் யார் யார், புதனன்று செருப்புகளை ஜோடி சேர்ப்பது, வியாழனன்று களிமண்ணில் வீடு, வெள்ளியன்று பெற்றோர் வந்து பார்ப்பது. குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தைக் கதவாக வெட்டி, நூல் கயிற்றில் கைப்பிடி கட்டியிருந்தோம். விளையாட்டு இதுதான். ஒரு பிள்ளை "வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டிப் போய் அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் விரல் மடக்கி ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவார்கள். பத்து முடிந்ததும் வெளியே இருக்கும் பிள்ளை தட்டும். "யாரு?" என்று இவர்கள் கேட்பார்கள். அது தன் பெயரைச் சொல்லும். "வாங்க" என்று கதவைத் திறப்பார்கள். எண்ணும் வந்துவிடும், பெயரும் வந்துவிடும், மரியாதையும் வந்துவிடும்.

பாடப் புத்தகத்தில் 'போய் வருகிறேன்' என்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. 'வாரேன்' போதும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

முகேஷ் என்று ஒரு பையன். எதிலும் முந்திக்கொள்வான். அவன்தான் முதலில் கதவுக்குப் போனான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "போறேன்" என்றான்.

"போறேன்னு சொல்லப்பிடாதுலே" என்றாள் இசக்கிப்பிரியா. குட்டியானையில் வந்து இறங்கியவள் அவள்தான். "வாரேன்னுதான் சொல்லணும். போறேன்னு சொன்னா வரமாட்டாங்க. எங்கம்மா சொல்லிருக்கா."

"ஆமா, வாரேன்னுதான் சொல்லணும்" என்று நானும் சொன்னேன். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். முகேஷ் திருத்திச் சொல்லிவிட்டுப் போனான். வகுப்பு எண்ணத் தொடங்கியது. இசக்கிப்பிரியா எண்ணவில்லை. ஜன்னல் வழியாகப் பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

அவள் அப்பா சுரண்டைச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புனலூருக்குப் போய் இறக்கிவிட்டு வருபவர். செவ்வாய்க்கிழமை விடியுமுன், காலி வண்டியோடு திரும்பும்போது, புளியரை இறக்கத்தில் வண்டி மழையில் சறுக்கிக் கவிழ்ந்தது.

எங்களுக்கு அது காலையில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்தது. சக்கரங்கள் மேலே இருந்தன. நீலத் தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. யார் அனுப்பியது என்று கேட்டுப் பயனில்லை. ஒருவருக்கு இன்னொருவர் அனுப்பியது. தலைமை ஆசிரியை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். அதற்குள் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

வகுப்புக்குள் நுழைந்ததுமே முகேஷ் எழுந்து நின்றான். "மிஸ், இசக்கிப்பிரியா அப்பா வண்டி கவுந்துட்டு. எங்கப்பா போன்ல இருக்கு. அவிய செத்துட்டாவளாம்."

அப்போது எனக்கு வண்டி கவிழ்ந்தது மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். "வண்டி கவுந்தது தெரியும். மத்தது இன்னும் எனக்குச் சரியாத் தெரியல. தெரிஞ்சதும் உங்ககிட்ட சொல்லுதேன்" என்றேன். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. உட்கார்ந்து வீடு வரைந்தார்கள். இன்டர்வெல்லுக்கு முன் தலைமை ஆசிரியை வந்து என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வந்து பிள்ளைகளிடம் அதையே சொன்னேன். இசக்கிப்பிரியாவின் அப்பா இறந்துவிட்டார். இறந்துவிட்டால் திரும்பி வர முடியாது. அவள் வகுப்புக்கு வரும்போது நாம் எப்போதும்போல் இருப்போம்.

ஒரு பிள்ளை, நாளைக்குமா வரமாட்டாங்க என்று கேட்டது. நாளைக்கும் வரமாட்டாங்க என்றேன். இன்னொரு பிள்ளை, டிபன் பாக்ஸைத் திறக்கலாமா என்று கேட்டது. திறக்கலாம் என்றேன்.

மாலையில் ஒரு தாய் போனில் கூப்பிட்டுக் கோபப்பட்டார். சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாமா சொல்வது, சாமிகிட்ட போயிருக்காங்கன்னு சொன்னால் ஆகாதா என்றார். அவரிடம் பேசியதை உங்களுக்கும் சொல்கிறேன். போயிருக்கிறார் என்று நாம் சொன்னால், நாலு வயதுப் பிள்ளை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தூங்குகிறார் என்றால் அன்று ராத்திரி தூங்கப் பயப்படும். சின்னச் சொல்லாக இருக்கட்டும் என்று நாம் தேடி எடுப்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பெரிய சொல்லாகிவிடுகிறது. அந்தத் தாய் சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் இசக்கிப்பிரியாவின் வீட்டில் வேறு மாதிரி நடந்திருந்தது. செய்தி வந்த உடனேயே அவளை அச்சன்புதூரில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். உடல் வந்து, தகனமும் முடிந்து, புதன்கிழமை காலையில்தான் திரும்பக் கூட்டிவந்தார்கள். அப்பா லோடுக்குப் போயிருக்காவ, வந்துருவாவ என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். போகுமுன் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். அவர் அதிகம் பேசமாட்டார்.

"வீட்டுக்காரங்க சொல்லாததை நாம சொல்லக் கூடாது. பிள்ளை நேரே கேட்டா பொய்யும் சொல்லக் கூடாது" என்றார்.

"ரெண்டுக்கும் நடுவுல நான் எங்கன நிக்கிறது?"

"அது அங்க போய்த்தான் தெரியும். அதுக்குத்தான் உங்களை அனுப்புதேன்."

சாரல் விட்டிருந்தது. தெருவை அடைத்துப் போட்டிருந்த சாமியானாவை ஒரு பக்கம் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒருவர் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசல்படிக்குக் கீழே செருப்புகள். அவற்றின் நடுவில் இசக்கிப்பிரியா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை செருப்பு விளையாட்டு என்று திங்களன்றே வகுப்பில் சொல்லியிருந்தேன்.

அவள் ஜோடி சேர்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனபிறகுதான் தெரிந்தது. படிக்குக் கீழே இருந்தவை எல்லாம் ஒற்றைச் செருப்புகள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கழற்றியதும் என் இடது செருப்பை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

உள்ளே போய் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பது வயதுகூட ஆகாத பெண். முந்தின நாளெல்லாம் அழுதிருக்க வேண்டும், இப்போது அழவில்லை. இறந்தவரின் அக்கா, பிள்ளைக்கு அத்தை, வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிக்கொண்டும் வேண்டாம் என்று மறுத்தவர்களை அதட்டிக்கொண்டும் இருந்தார். அந்த வீட்டில் அப்போது நிமிர்ந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

வாசலில் சத்தம் கேட்டது. துக்கம் விசாரிக்க வந்துவிட்டுக் கிளம்பிய ஓர் அம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என் செருப்பை எங்கன வச்சே?"

"வாரேன்னு சொல்லுங்க, தாரேன்" என்றாள் இசக்கிப்பிரியா. "எல்லாரும் சொல்லாமச் சொல்லாமப் போறாவ."

சுற்றி இருந்த இரண்டொருவர் சிரித்தார்கள். அந்த அம்மாளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"சாவு வீட்டுல அப்படிச் சொல்லப்பிடாது ட்டி. குடு இங்கன."

சிரிப்பு நின்றது. சொல்லிவிட்ட பிறகுதான் அந்த அம்மாளுக்கும் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

துக்க வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். 'வாரேன்' என்று சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருவதாக ஆகிவிடும். பெரியவர்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். காலையிலிருந்து அந்த வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது தெரியாது. வந்தவர்கள் எல்லாம் தப்பாகப் போகிறார்கள் என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு செத்தா?" என்று கேட்டாள்.

அவள் படியேறி உள்ளே வந்து, அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "மிஸ், யாரு செத்தா?"

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு யோசிக்க இடம் இருக்காது. எனக்கும் இருக்கவில்லை. நான் செய்தது ஒன்றுதான். பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் அவள் அம்மாவிடம் திரும்பினேன். "நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"எனக்கு வாய் வரல டீச்சர்" என்றார் அவர். "நீங்களே சொல்லிருங்க."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருக்கட்டும் மதினி" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தேன். பிள்ளையின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. "உங்க அப்பா இறந்துட்டாங்கம்மா. மழையில வண்டி சறுக்கிக் கவுந்துட்டு. அடிபட்டு இறந்துட்டாங்க. இனி வரமாட்டாங்க."

அவள் அழவில்லை. வெளியே போனாள். டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு செருப்பாக எடுத்துவந்து அதனதன் ஜோடியின் பக்கத்தில் வைத்தாள். ஒன்றுகூட மாறவில்லை. அந்த அம்மாள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு எதுவும் சொல்லாமல் போனார். பிள்ளை அவரைப் பார்க்கக்கூட இல்லை.

என் செருப்பை வைத்துவிட்டு என்னிடம் வந்து, காதுப் பக்கம் குனிந்து சொன்னாள்: "மிஸ், நான் போறேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே, யாரிடம் என்று கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். திங்கட்கிழமை எட்டு ஐம்பது. தண்ணீர் தேங்காத இடம். பை. திரும்பிப் பார்க்காமல் ஓடிய பிள்ளை. பிறகு ஜன்னல். இரண்டு நாளாக அவள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். வந்தவர்களை எல்லாம் அவள் ஏன் மறித்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பா வாரேன்னு சொல்லுன்னாவ. நான் சொல்லல" என்றாள்.

அப்படியெல்லாம் இல்லை, நீ சொல்லவே இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவள் சொன்னாள். அது அவளுக்கே தெரியும். இல்லாததைச் சொன்னால் என்னுடைய அடுத்த பேச்சையும் நம்பமாட்டாள்.

"ஆமா. நீ போறேன்னுதான் சொன்னே. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். "உங்கப்பா சிரிச்சாங்க. அதையும் பாத்தேன். சிப்ஸ் வாங்கிட்டு வாரேன்னு சொன்னாங்க. அப்புறம் வண்டியை எடுத்துட்டு நல்லபடியாப் போனாங்க. மழை பெஞ்சு ரோடு வழுக்கினதாலதான் வண்டி கவுந்துச்சு. நீ சொன்னதால இல்ல."

"புனலூர் போய் இறக்கிட்டு ராத்திரி போன் பண்ணாவ ட்டி" என்றார் அவள் அம்மா. அன்று அவர் பிள்ளையிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பிறகு சொன்னார்கள். "நீ தூங்கிட்டே. பிள்ளை சாப்பிட்டாளான்னு கேட்டாவ."

"போறேன்னு சொன்னா வரமாட்டாங்கன்னு நீதானே சொன்னே" என்றாள் இவள்.

அப்போது அவள் அம்மாவின் முகம் இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படிக்குக் கீழே நின்றேன். பிள்ளை படியின் மேல் நின்றாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரையும்போல் தலையைக் குனிந்து போய்விட்டால் எந்தச் சங்கடமும் இல்லை. 'வாரேன்' என்று சொன்னால் அந்த வீட்டுப் பெண்களின் நெஞ்சில் பயத்தைப் போட்டுவிட்டுப் போவதாக ஆகும். அதோடு, அந்தச் சொல்லை அவள் இனி எதற்காக நம்ப வேண்டும்?

"போறேன்" என்றேன்.

எனக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அத்தை வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டீச்சர், படிச்சவுக நீங்க. பிள்ளை முகத்தைப் பாத்து இப்படிச் சொல்லலாமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் தெருவில் இறங்கி நடந்தேன். பதில் சொல்லியிருந்தால் அங்கேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அது பிள்ளைக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது.

வியாழக்கிழமை அதே நேரத்துக்கு மறுபடி போனேன். அவள் அதே படியில் உட்கார்ந்திருந்தாள்.

"போறேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"வந்துட்டீங்க."

"வந்துட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் நகர்ந்து உட்கார இடம் விட்டாள். வகுப்பில் அன்று களிமண்ணில் வீடு செய்தோம் என்று சொன்னேன். தன் வீட்டை யார் செய்தது என்று கேட்டாள். யாரும் செய்யவில்லை, களிமண் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். அத்தை எங்களைத் தாண்டி இரண்டு முறை போனார், வந்தார். என்னிடம் பேசவில்லை.

நான் செய்தது சரி என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. அந்த வீட்டுப் பெண்களுக்கு என்மேல் இன்றும் வருத்தம் இருக்கலாம். இருந்தால் அதில் நியாயம் உண்டு. அவர்கள் வழக்கத்தை நான் மூடத்தனம் என்று நினைக்கவில்லை. என் வீட்டிலும் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். காலையில் பிள்ளைகள் வந்து இறங்கும் அந்தக் கொஞ்ச நேரம் போனைப் பையில் போட்டுவிட்டு வாசலைப் பாருங்கள். யார் கொண்டுவந்து விடுகிறார்கள், என்ன சொல்லிக்கொண்டு பிரிகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது எதற்கும் தேவைப்படாது. தேவைப்படும் நாளில் அந்தப் பிள்ளைக்குச் சாட்சி சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இருக்காது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பதை நிறுத்திவிட்டோம். அட்டைக் கதவை வகுப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். எடுத்தால் எங்கே என்று கேட்பார்கள், இருந்தால் கேட்காமலும் இருக்கலாம் என்றார். மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அம்மா வெளியே வர முடியாத நாட்கள் அவை. முதல் மணி அடிக்குமுன் அத்தை ஒரு கையில் குடையும் ஒரு கையில் பிள்ளையுமாக வாசலில் நின்றார். நான் போய்க் கூட்டிக்கொண்டேன். அத்தை குனிந்து பிள்ளையிடம் ஏதோ சொல்லப்போனார். எந்தச் சொல்லைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"இங்கனதான் நிக்கேன்" என்றார். "எங்கயும் போகமாட்டேன்."

சொன்னபடி நின்றார். பிற்பாடு வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாரல் வலுத்து, குற்றாலத்து வேன்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. உள்ளே வந்து உட்காரச் சொல்லி ஆளனுப்பினேன். வாசலில் நின்றால்தான் பிள்ளைக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இசக்கிப்பிரியா எல்லாருடனும் உட்கார்ந்தாள். எடுத்து வைத்திருந்த களிமண்ணில் வீடு செய்தாள். முகேஷ் அவளுக்குத் தன் பென்சிலைக் கொடுத்தான், அவள் கேட்கவில்லை. இன்டர்வெல் முடிந்து வந்ததும் சுவரோரம் சாய்த்திருந்த அட்டையை அவளே இழுத்து வந்தாள். மடிப்பை விரிக்கத் தெரியவில்லை. நான் விரித்துக் கொடுத்தேன்.

யார் போவது என்று பிள்ளைகள் கத்தினார்கள். நான் நான் என்று கை தூக்கினார்கள். அவள் கதவைத் திறந்து, வெளியே பார்த்துவிட்டு, யாரும் போகாமலே மூடினாள். உள்பக்கமாக எங்களோடு நின்றுகொண்டாள்.

"எங்கப்பா போயிருக்காவ" என்றாள். "எண்ணுங்க."

வகுப்பு என்னைப் பார்த்தது. அவள் விரலை மடக்கி ஒன்று என்றாள். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு, மூன்று, நான்கு என்று எப்போதும்போல் கத்தி எண்ணினார்கள். பத்து முடிந்தது. எல்லாரும் கதவைப் பார்த்தார்கள்.

முகேஷ் எழுந்தான். அட்டைக்குப் பின்னால் போய்த் தட்டப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

அவள் மடக்கிய விரல்களை எல்லாம் விரித்தாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். திங்கட்கிழமை நாங்கள் பத்து வரைதான் சொல்லிக்கொடுத்திருந்தோம்.